வட்டம் சுற்றும் வரை

மதியம் ஒன்று ஐம்பதுக்கு தேவயானி டீச்சர் அந்தப் பாட்டைப் போட்டேவிட்டாள்.

போட்டிருக்கக் கூடாதுதான். தலைமை ஆசிரியர் தமிழ்வாணன் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். ஸ்மார்ட் போர்டில் பாடத்தைத் தவிர வேறு எது ஓடினாலும், போர்டைக் கழற்றி வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிடுகிற மனிதர். பக்கத்து ஒன்றியத்தில் ஒரு போர்டு அப்படித்தான் போனது.

ஆனால் சாம்பார் சாதமும் முட்டையும் உள்ளே போன பிறகு ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சொக்கிக் கிடந்தது. ஏஞ்சல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். ஐசக்குக்கு அந்த வித்தைகூடத் தெரியாது, புத்தகப் பையைத் தலையணையாக்கியிருந்தான். இந்த லட்சணத்தில் அதிகாரி வந்து வாசிக்கச் சொன்னால் கொட்டாவிதான் விடுவார்கள்.

ஐந்தே நிமிஷம். மூன்று மணிக்குத்தானே வருகிறார்!

அசந்த வகுப்பை எழுப்புவதற்கென்று அவள் ஆன்லைனில் தேடிப் பிடித்த விளையாட்டு அது. பாட்டு ஓடும்வரை ஆட வேண்டும். பாட்டு நின்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். அசைந்தால் அவுட்.

அதைத் தயாரித்த புண்ணியவானுக்கு உத்திரமேரூர்ப் பக்கத்து நெட்டைப் பற்றி என்ன தெரியும்? பாட்டு தானாக ஒருமுறை நின்றால், நெட் போய் மூன்றுமுறை நிற்கும். போர்டில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் ஆறு நிமிஷம் நின்றார்கள்.

இன்றும் பாட்டு கேட்டதும் இருபத்தெட்டும் துள்ளி எழுந்தன. பெஞ்சு ஆடியது, சன்னல் ஆடியது. தேவயானியும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள்.

பாட்டு நின்றது. வட்டம் சுற்றியது.

"சனியன் புடிச்ச நெட்டு" என்று முணுமுணுத்தபடி திரும்பினாள்.

வாசலில் அதிகாரி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தமிழ்வாணன் சார்.

அவள் செருகியிருந்த முந்தானையை அவசரமாக உருவினாள். போர்டு போயிற்று, இனி மதிய வகுப்பு தூக்கத்திலேயே கழியும் என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

அதிகாரி உள்ளே வந்தார். ஜெனிஃபர் ஒற்றைக் காலில் கையை விரித்து நின்றாள். ஐசக் பாதிக் கத்தலில் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவன் அதையும் பொறுத்துக்கொண்டான்.

ஜெனிஃபரிடம் குனிந்து பெயர் கேட்டார். 'தயவுசெய்து போய்விடுங்கள், கால் வலிக்கிறது' என்று அவள் கண் மட்டும் கெஞ்சியது.

என்ன இது என்று அதிகாரி டீச்சரைக் கேட்டார். கவனப் பயிற்சி என்றாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. தமிழ்வாணன் சார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு பூனை நடை நடந்து வராந்தாவுக்குப் போனார். போர்டு மிக நல்ல முறையில் பயன்படுகிறது, மற்ற பள்ளிகளும் வந்து பார்க்கலாம் என்று நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமை ஆசிரியர் அறைக்குக்கூட வராமல் அப்படியே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை தாண்டியது. வகுப்பு இன்னும் அசையவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது அல்லவா!

தேவயானி பக்கத்திலிருந்த தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினாள். நெட் பெட்டி அங்கேதான் இருந்தது. தமிழ்வாணன் சார் தரையில் குந்தி, அதன் ஒயரை மறுபடி செருகிக்கொண்டிருந்தார்.

"ஜீப்பு கேட்டாண்ட வர்றசொல்லோ நான்தான் புடுங்கி வுட்டேன் டீச்சர். வட்டம் சுத்துனா நம்ம புள்ளைங்க அசையாதுன்னு எனக்குத் தெரியாதா? புடுங்குன பொறவும் பாட்டு கொஞ்ச நேரம் ஓடிக்கினே கீது, எனக்கு உசுரே போயிட்ச்சி!"

தேவயானிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளாக இந்த மனிதருக்கா பயந்து பயந்து சத்தத்தைக் குறைத்து வைத்தோம் என்றிருந்தது.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கிளம்பியது. இருபத்தெட்டு ஜோடிக் கால்களும் கூடவே கிளம்பின.

சார் அவசரமாக எழுந்து, அவளை வகுப்புக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தப் போனார்.

அப்போதுதான் அவள் அந்த அறையைச் சரியாகப் பார்த்தாள். மேசையும் நாற்காலிகளும் பீரோ ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில், ஒரு ஆள் தாராளமாக ஆடும் அளவுக்கு இடம் இருந்தது.