மேகத்துக்குக் காத்திருந்தவன்

"ஆடாம உட்காருங்கண்ணே. படம் நல்லா வந்தாத்தான் அண்ணி வருவாங்க." அந்தோணிமுத்து பிஸ்கட் டின்னில் செய்த கேமராவைப் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே வைத்தான்.

"எவ்வளவு நேரம்லா?" என்றார் சவரிநாதன்.

"லென்ஸ் இல்லாத ஊசித்துளைதானே? வெயில்னா பத்து செகண்டு. இந்த மேகத்துக்கு மூணு நிமிஷம்."

"வெயிலடிச்சப்பவே எடுத்திருக்கலாம். மேகத்துக்குக் காத்திருந்தியே, மடையா!"

அவன் சிரித்துக்கொண்டே துளையைத் திறந்தான்.

ஞாயிறன்று அண்ணி ஆலிஸிடம் இரண்டு படங்களைக் காட்டினான். போன வருடம் அதே மனநல ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் அண்ணன் இருந்த இடத்தில் வெறும் புகைமூட்டம். அப்போது கொஞ்ச நேரம்கூட அசையாமல் இருக்க அவரால் முடியவில்லை. புதியதை மூன்று நிமிடம் துளையைத் திறந்துவைத்து எடுத்ததாகச் சொன்னான்; அதில் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக இருந்தது.

"மூணு நிமிஷமும் அசையாமலா இருந்தாரு?" ஆலிஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "டாக்டர் வீட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லியும் நாந்தான் பயந்துட்டேன். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் எத்தனை மணிக்குத் தம்பி?"