பச்சைச் சில்லு

மணைக்கட்டையை எங்கே போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுவில். சரியாக அந்த இடத்தில்.

"ஆன்ட்டி, இது ஞாபகம் இருக்கா?"

மிருதுளா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தாள். முடியவில்லை. கால் கட்டைவிரலால் காட்டினாள். மொசைக் தரையில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பச்சை வளையல் சில்லுகள்.

"இதப் பாத்துதான் வீட்டையே வாங்குனோம். வளையல் பதிச்ச எடத்துலதான் வளைகாப்புன்னு அத்தை ஒரே பிடிவாதம்."

அவள் தலையை ஆட்டி வைத்தாள்.

போன வருஷம் வரை இது அவள் வீடு. தில்லைநகரில் அந்தத் தெருவில் மிச்சமிருந்த ஒரே பழைய வீடு. வளைந்த பால்கனி, கப்பலில் இருப்பது போல் ஒரு வட்ட ஜன்னல், மாடிப்படிச் சுவரில் பூப்பூவாகத் துளைவிட்டு வார்த்த சிமென்ட் கட்டங்கள். வெயில் அந்தப் பூக்கள் வழியாக வந்து படியெல்லாம் விழுந்து கிடக்கும். சின்ன வயசில் அவற்றை மிதிக்காமல் ஏறிப் பார்த்திருக்கிறாள்.

புரோக்கர்கள் மண்ணுக்கு மட்டும்தான் விலை சொன்னார்கள். இடிக்கிற கூலியையும் அதில் கழிக்கப் பார்த்தார்கள்.

பிறகு எங்கிருந்தோ காற்று மாறி அடித்தது. அறுபதுகளில் கட்டிய வீடென்றால் தேடிப்பிடித்து வாங்க ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று பால்கனியைப் படம் எடுத்துப் போனார்கள். புது வீடு கட்டுகிறவர்கள்கூட மொசைக் போட ஆள் தேடி அலைகிறார்களாம். மிருதுளாவும் அவள் கணவனும் வந்தார்கள். ஒரு செங்கல்லைக்கூட உருவமாட்டோம் என்று சொல்லி வாங்கினார்கள், சொன்னபடியே நடந்தும் கொண்டார்கள்.

அவள் தம்பிக்கு மட்டும் இந்தத் தரையைக் கண்டாலே ஆகாது. பளிங்கு போட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். அம்மா விடவில்லை. வழுக்கும் என்று சாக்குச் சொன்னாள்.

அது சாக்கு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சுவர் எழும்பி, மேல்தளம் போட்டு, தரை போடுவதற்குள் அப்பா போய்விட்டார். காரியத்தன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து அம்மாவின் கைகளைப் பிடித்து வளையல்களை உடைத்தார்கள். இரண்டு கை நிறையப் பச்சை. அம்மா அழவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள், கூடத்துக்கு மொசைக் போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி முன்னால் போய் நின்று முடிச்சை அவிழ்த்தாள்.

"இதையும் சேத்துப் போட்டுருங்க."

மேஸ்திரி அம்மாவின் வெறும் கைகளைப் பார்த்தார். சில்லுகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சிறுமியாய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

வீடு முழுக்கத் துடைத்த பிறகு அந்த இடத்தை மட்டும் அம்மா இன்னொரு முறை துடைப்பாள். கடைசிவரைக்கும்.

அவளுடைய வளைகாப்பும் இதே கூடத்தில்தான் நடந்தது. வட்ட ஜன்னலுக்குக் கீழே அவளை உட்காரவைத்தார்கள். அத்தைகள், சித்திகள், பக்கத்து வீட்டு மாமி எல்லாரும் வந்து வளையல் போட்டார்கள். அத்தனை பேருக்கும் கலந்த சாதம் கிளறி வைத்த அம்மா சமையலறை வாசலைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது என்ன செய்வது?

சொல்லிவிட்டால் மணைக்கட்டை நகரும். அதோடு விடமாட்டார்கள். நாளைக்கே ஆள் வைத்து அந்த இடத்தைக் கொத்தி எடுப்பார்கள். அம்மாவென்று இந்த ஊரில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

சொல்லாமல் விட்டால்? தலைச்சன் பிள்ளை. நல்லபடியாகப் பிறக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஏறுக்குமாறாகப் போனால் அவள் மனசே அவளைத் தின்றுவிடும்.

அதற்குள் மிருதுளா மணையில் உட்கார்ந்துவிட்டாள். சில்லுகள் பாதி மணைக்கு அடியில் மறைந்தன, பாதி வெளியே தெரிந்தன.

"வாங்கம்மா. நீங்க வளந்த எடம். மொத வளையல நீங்களே போடுங்க." மிருதுளாவின் மாமியார் தட்டை நீட்டினார்.

பச்சையில் இரண்டை எடுத்தாள்.

"யாரு வளையல் ஆன்ட்டி அது? கேட்டா ஒருத்தருக்கும் தெரியல." மிருதுளா கையை நீட்டியபடியே கேட்டாள்.

"எங்கம்மாவோடது."

வாய் முந்திக்கொண்டது.

குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

"நல்லா வாழ்ந்தவங்கதானே?"

சுற்றியிருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள்.

அவள் தரையைப் பார்த்தாள். புதிதாக மெருகு போட்டதில் சில்லுகள் அன்றைக்கு அம்மா கையில் இருந்த அதே பச்சையில் இருந்தன. பாதியில் நின்ற வீட்டைத் தனி ஆளாக நின்று முடித்தவள். இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கூடத்தில் வெறுங்காலோடு நடந்தவள். கேட்கிறார்கள், நல்லா வாழ்ந்தவங்களா என்று.

"ரொம்ப நல்லா வாழ்ந்தவங்க."

குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்பறம் என்ன, போடுங்கம்மா." மாமியார் குங்குமம் எடுத்தார்.

மணையை ஒட்டி, சில்லுகளின் மேல் முழங்கால் படும்படி உட்கார்ந்தாள். மிருதுளாவின் விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை ஏற்றினாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் வந்து அங்கேதான் உட்கார வேண்டும்.

எழுந்திருக்கும்போது, பழக்கம் விடாமல், சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே யாரும் நிற்கவில்லை.