தங்கத் தகட்டிலிருந்து திரும்பி வந்தவள்

ஈயப் பெட்டிக்குள் ஆல்ஃபா துகள்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொருத்தியாக ஓட்டை வழியே பாய்ந்து, எதிரே இருந்த தங்கத் தகட்டைத் துளைத்துக்கொண்டு, அதன் பின்னால் உள்ள திரையில் விழுந்து ஒருமுறை மினுங்கிச் சாக வேண்டும். திரையில் மினுங்கியவர்களை மட்டும் மனிதர்கள் எண்ணினார்கள்.

அன்று ஒருத்தி போன வேகத்தில் திரும்பி வந்து பெட்டி வாசலில் விழுந்தாள்.

"போகாதீங்கடி. தகட்டுக்குள்ள குட்டியா, கெட்டியா ஏதோ இருக்கு. கிட்டப் போனதுமே தூக்கி எறிஞ்சிடுச்சு."

"ஆயிரம் பேர் போனாங்க, ஒருத்தியாவது குறை சொன்னாளா?" என்றது ஈயப் பெட்டி. "தங்கமான இடம். நீ கோணலாப் போயிருப்பே."

"கோணலாப் போனவங்க தப்பிச்சாங்க. நான் நேராப் போனேன்."

வரிசையில் பின்னால் நின்ற தங்கை கேட்டாள்: "அக்கா, நீ அடிபட்டதை யாராவது பார்த்தாங்களா?"

"இந்தப் பக்கம் ஏதுடி திரை?" என்றபடியே அக்கா அடங்கிப்போனாள்.

அடுத்த வாரம் யாருக்கோ சந்தேகம் வந்து, திரையைத் தகட்டின் முன்பக்கம் மாற்றி வைத்தார்கள். இன்னொருத்தி அடிபட்டுத் திரும்பி, அதில் விழுந்து மினுங்கினாள். மனிதர்கள் கைதட்டினார்கள்.

தங்கைக்கு உயிர் வந்தது. "அக்கா சொன்னது நிஜம்னு தெரிஞ்சுபோச்சே. இனிமே எங்களை அனுப்ப மாட்டாங்க, இல்லையா?"

"எவ்வளவு பலமா அடிக்குதுன்னு அளக்கணுமாம். இன்னும் லட்சம் பேர் வேணுமாம்," என்றது பெட்டி. "நகரு. நீ நேராவே போ."