அணையாத தீக்குச்சி

ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கு எதிரே, புளியமர நிழலில் ஜாஸ்மின் டிபன் பாக்ஸை மூடுகிறாள். பக்கத்தில் அவள் கணவன் இன்பராஜ் பீடியைப் பற்றவைத்துவிட்டு, எரியும் தீக்குச்சியை ஊதுகிறான். சுடர் வளைகிறதே தவிர அணையவில்லை. வாயைக் குவித்து மறுபடி ஊதுகிறான். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. விரல் சுட்டதும் குச்சியை உதறிப் போடுகிறான்.

"இன்னாங்க, ஒரு குச்சிய அணைக்க முடியலியா?"

"மருந்து ஜாஸ்தி வச்சிட்டான்டி" என்று சிரிக்கிறான். சிரிப்பு இருமலாக மாறி அவனை முழங்கால்வரை குனிய வைக்கிறது. தோல் நாற்றம் கலந்த வெயில் அசையாமல் கிடக்கிறது. ஜாஸ்மின் அதே தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை உரசி, லேசாக ஊதுகிறாள். சட்டென்று அணைந்துவிடுகிறது. நிமிர்ந்து பார்க்கும் இன்பராஜின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விடுகிறது. விரலிடுக்கில் பீடி மட்டும் புகைந்துகொண்டிருக்கிறது.