நீட்டிய கை

மூக்கில் இரண்டு ஸ்ட்ராவைச் செருகிவிட்டு, வாயின் மேல் முதல் மாவுக்கட்டை ஒட்டினார் சிற்பி.

தம்பி ஒரு விஷயம் சொல்லத்தான் வந்திருந்தான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முகத்தில் வாஸ்லைன் தடவினார்கள். வலது கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் தொண்டையைச் செருமுவதற்குள் வாய் போய்விட்டது.

அண்ணன் செத்த வயதை அவன் இப்போதுதான் எட்டியிருந்தான். ஜாடையும் அதேதான். அண்ணன் சிலைக்கு அச்சு எடுக்க வேறு ஆள் எதற்கு என்று மில் தொழிலாளர் சங்கமே முடிவு செய்துவிட்டது.

“உதட்ட அசைக்காதீங்க தம்பி. அப்புறம் உங்க அண்ணன் காலத்துக்கும் கோணவாயோட நிக்க வேண்டியதுதான்.”

கண்களும் மூடப்பட்டன. ஈரமாக இருந்த கட்டு மெல்லச் சூடேறியது.

சங்கச் செயலாளர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவனைச் சுற்றி வரும் சத்தம் கேட்டது.

“என்னங்க இது, விரிச்ச கை? பஸ்ஸ நிறுத்துற மாதிரி இருக்கு. விரல மடக்குங்க.”

“போட்டோவுல விரிஞ்சுதானே இருக்கு?”

“இருந்துட்டுப் போகட்டும்.”

சிற்பி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மாவுக்கட்டைச் சுற்றினார்.

அந்தப் போட்டோ இல்லாத வீடு கிடையாது. மில் வாசலில், போலீஸ் துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டிக் கத்துகிறான் அண்ணன். தயங்கி நின்ற கூட்டம் அந்தக் கையைப் பார்த்துத்தான் முன்னால் பாய்ந்தது. முதல் குண்டு அவன் முதுகில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு மனிதன் கை நீட்டினான், நாட்டின் தலையெழுத்து மாறியது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

அம்மா இருந்தவரை தம்பி வாய் திறக்கவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அவள் மிச்ச நாட்களை ஓட்டினாள். அவளும் போய்விட்டாள். இன்று சொல்லாவிட்டால், வெண்கலத்தில் வார்த்த பிறகு யாரிடம் சொல்வது?

விரல்களை விரிக்கப் பார்த்தான். மாவு இறுகிவிட்டிருந்தது.

கத்த வேண்டும் போல இருந்தது. ஸ்ட்ரா வழியாக மூச்சு மட்டும் சீறியது.

“அசையவே இல்ல பாருங்க. அந்த ரத்தமாச்சே” என்றார் செயலாளர்.

ஒரு வழியாக முக அச்சைக் கழற்றினார்கள். கண் கூசியது. எதிரே செயலாளர், காலில்லாத வேட்டிப் பக்கத்தைச் சுருட்டிச் செருகியபடி, இன்னும் கழற்றாத அந்த வெள்ளைக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கையப் பார்த்துதான் தம்பி ஓடினேன். கால் போனதுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.”

பிறகு நினைவு வந்தவராகக் கேட்டார்.

“வந்ததும் ஏதோ சொல்லணும்னீங்களே?”

தம்பி உதட்டில் ஒட்டியிருந்த மாவைத் துப்பினான்.

“ஒண்ணுமில்லண்ணே. கை மரத்துப்போச்சு.”

அண்ணன் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. அன்று மில் சங்கு விடாமல் அலறிக்கொண்டிருந்ததால், அவன் கத்தியது முன்வரிசையில் நின்ற தம்பிக்கு மட்டும்தான் கேட்டது.

“அம்மா சாப்பிடாம உக்காந்திருக்கா. வாடா வீட்டுக்கு.”