தகர மீன்

நாங்கள் உருவாக்கிய கணினி விளையாட்டில் வாளும் துப்பாக்கியும் எத்தனையோ இருந்தன. ஆனால் எல்லாரும் கொண்டாடியது நான் வடிவமைத்த தகர மீன் விசிலைத்தான். ஊதினால், இருட்டில் நிற்பவை ஓரடி பின்வாங்கும், அவ்வளவுதான். இனி உதவாது என்று தெரிந்த கட்டத்திலும் அதைக் கீழே போட யாருக்கும் மனம் வரவில்லை. சிலர் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். ஆரஞ்சு வண்ணம், கோணலான ஒற்றைக் கண் எல்லாம் என் தங்கை பொற்கொடியின் விசிலில் இருந்தபடியே வரைந்திருந்தேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

“அக்கா, சாட்ல இந்த பிளேயர் எழுதியிருக்கறத பாருங்களேன்” என்று பக்கத்து மேசை ஏஞ்சலின் தன் திரையைத் திருப்பினாள்.

‘மீன் அச்சு அசலா அதேதான். வால்ல பல்லு பதிஞ்ச தடத்த ஏன் விட்டுட்டீங்க?’

அது என் பல். அப்போது எனக்கு ஒன்பது வயது, பொற்கொடிக்கு ஆறு. பொருட்காட்சியில் அப்பா அவளுக்கு மட்டும் வாங்கித் தந்த கோபத்தில் கடித்தேன். அழுதுகொண்டே விசிலோடு கூட்டத்துக்குள் ஓடியவள் இன்றுவரை திரும்பவில்லை. கடித்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“நல்ல ஐடியாக்கா. அடுத்த அப்டேட்ல சேத்துடலாமா?” என்றாள் ஏஞ்சலின்.

அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.