ஆயுள் காண்டம்

அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்பைக் கவனிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். சமையலறையில் கத்தி எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியாத மனிதர். பேருந்து டிப்போவில் டைம் கீப்பர். ஊர் வண்டிகளுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் செய்தித்தாளும் டிவியும்தான். குழம்பில் உப்பு கூடினால்தான் அவளிடம் பேசுவார்.

இப்போது மூன்று வாரமாக ஷிப்டு முடிந்த கையோடு வந்துவிடுகிறார். கால் வலிக்கிறதா என்று கேட்கிறார். நேற்று, சின்ன வயதில் அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்று கேட்டார்.

யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சட்டையை மோந்து பார்த்தாள். வியர்வையும் டீசலும்தான். போனைக் குடைந்தாள். டிப்போ ஆட்களும் அவர் தம்பியும் இருந்தார்கள். எவளும் இல்லை.

எவளும் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

நறுக்கி முடித்துவிட்டு அவர் குளிக்கப் போனார். அவள் அவருடைய பையைத் திறந்தாள்.

அடியில் ஒரு நோட்டு. நாடி ஜோசியர் ஓலை பார்த்து எழுதிக் கொடுத்தது. முதல் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை.

ஆயுள் காண்டம் என்ற பக்கத்தை நாலாக மடித்து வைத்திருந்தார்.

ஆடி இருபத்தேழில் உயிருக்குக் கண்டம். தப்புவது அரிது.

இன்று ஆடி ஐந்து.

கீழே பரிகாரமும் எழுதியிருந்தது. மனைவியோடு உட்கார்ந்து ஹோமம் செய்தால் ஆயுள் இருபது வருடம் நீளும்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாவு வந்து கதவைத் தட்டினால்தான் இந்த மனிதர் கண்ணுக்குப் பெண்டாட்டி தெரிவாளா? பிறகு அழுகை வந்தது.

அவளுக்கு ஓலையில் நம்பிக்கை கிடையாது. அவள் அப்பாவுக்குத் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டில் போய்விட்டார்.

ஆனால் இவர் அப்படியே நம்புகிறவர். ஹோமம் முடிந்தால் இருபது வருடம் கைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார். மறுநாளே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழம ஒரு கோயிலுக்குப் போயிட்டு வருவமா? சின்னதா ஒரு ஹோமம். நீயும் பக்கத்துல உக்காரணும்."

அவள் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள்.

ஓலையெல்லாம் பொய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டாள்.

"இப்ப என்னங்க அவசரம்?" என்றாள். "ஆடி கழியட்டும்."